மூன்று ஓபோல் நீதிபதிகள்

ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் இருக்கும் அருங்காட்சியகத்தில் உடைந்த சலவைக்கல் பலகை ஒன்று இருக்கிறது. அதன் முகம் முழுக்க வரிசை வரிசையாக மெல்லிய வெட்டுகள். முதல் பார்வைக்கு அந்தக் கால கம்ப்யூட்டர்களின் பஞ்ச் கார்டைக் கல்லில் செதுக்கியது மாதிரி இருக்கும். கிரேக்கத்தில் அதன் பெயர் கிளேரோடேரியன், அதாவது குலுக்கல் இயந்திரம். இந்தக் கல் சற்றுப் பிற்காலத்தது. ஆனால் கிமு நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நீதிமன்றங்களின் ஒவ்வொரு நாளும் இதே மாதிரி இயந்திரங்களுக்கு முன்னால்தான் விடிந்தது.

அது எப்படி வேலை செய்தது என்பதை அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ‘ஏதென்ஸ் அரசியலமைப்பு’ என்ற நூல் விவரிக்கிறது. அந்த நூலே நெடுங்காலம் தொலைந்துபோயிருந்தது. எகிப்தில் யாரோ ஒருவரின் பண்ணைக் கணக்கு எழுதிய பாப்பிரஸ் சுருளின் பின்பக்கத்தில் அதன் பிரதி கிடைத்து, 1891-ல் அச்சானது. அதன் பிறகும் ஒரு சிக்கல். கிளேரோடேரியன் என்ற சொல்லைக் குலுக்கல் நடக்கும் அறை என்றே அறிஞர்கள் வாசித்தார்கள். 1930களில் ஸ்டெர்லிங் டோ என்ற அமெரிக்க ஆய்வாளர்தான் அகோராவில் கிடைத்த கற்களையும் நூலின் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது அறை அல்ல, இயந்திரம் என்று காட்டினார். ஒரு சொல்லைத் தப்பாக வாசித்ததால் ஓர் இயந்திரமே சுமார் நாற்பது வருஷம் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது!

இனி அது இயங்கும் விதம். ஏதென்ஸ் குடிமக்கள் பத்துக் குலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். பேருக்குத்தான் குலம். கிமு 508-ஐ ஒட்டி கிளெய்ஸ்தனிஸ் கடற்கரை, நகரம், உள்நாடு மூன்றையும் வேண்டுமென்றே கலந்து உண்டாக்கிய பிரிவுகள் அவை. முப்பது வயது தாண்டி, ஜூரியாக இருக்கத் தகுதி பெற்றவரிடம் பினாகியான் என்ற சின்னத் தகடு இருக்கும். அதில் அவர் பெயர், அப்பா பெயர், ஊர். விடியற்காலையில் வந்து தன் குலத்துக்கான இடத்தில் தகட்டைக் கொடுக்க வேண்டும். தகடுகள் இயந்திரத்தின் வெட்டுகளில் வரிசையாகச் செருகப்படும். பக்கவாட்டில் ஒரு குழாய். அதற்குள் கறுப்பும் வெள்ளையுமான சிறு கட்டைகளைக் கலந்து கொட்டுவார்கள். ஒவ்வொன்றாகக் கீழே எடுக்கும்போது வெள்ளை வந்தால் அந்தக் கிடைவரிசையில் உள்ள ஐந்து பேரும் இன்றைக்கு ஜூரி. கறுப்பு வந்தால் ஐந்து பேரும் வீட்டுக்குப் போகலாம்.

அத்தோடு முடியவில்லை. தேர்வானவர் ஒரு ஜாடியிலிருந்து எழுத்துப் பொறித்த காய் ஒன்றை எடுப்பார். அந்த எழுத்துதான் அவர் போக வேண்டிய நீதிமன்றம். அந்த நீதிமன்ற வாசலின் மேல் பூசியிருக்கும் அதே நிறத்தில் ஒரு கோல் அவர் கையில் தரப்படும். வேறு மன்றத்துக்குள் நுழைந்தால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். எந்த அதிகாரி எந்த மன்றத்தில் என்பதும் குலுக்கல். தண்ணீர்க் கடிகாரத்தைக் கவனிக்கிறவர், வாக்கு எண்ணுகிறவர்கள் எல்லாரும் அங்கேயே குலுக்கலில்.

எதற்கு இத்தனை பாடு? அனிட்டஸ் என்பவர் பதிலாகக் கிடைக்கும். பைலோஸ் படையெடுப்பு தோற்ற வழக்கில் ஜூரிகளுக்கு லஞ்சம் கொடுத்துத் தப்பிய முதல் ஆள் இவர் என்று அதே நூல் சொல்கிறது. (பத்து வருஷம் கழித்து, கிமு 399-ல் சாக்ரடீஸ்மேல் வழக்குப் போட்டவர்களிலும் இவர் ஒருவர்.) யார் எந்த வழக்கைக் கேட்கப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால் விலை பேசலாம். அன்று காலைவரை யாருக்குமே தெரியாது என்றால், 501 பேரில் யாரைப் போய்ப் பார்ப்பது? மென்பொருள் எழுதுகிற எனக்கு இந்த அடுக்கடுக்கான குலுக்கல்கள் நன்றாகப் பழகிய ஒன்றை நினைவூட்டுகின்றன. ஒவ்வொரு திருட்டுக்குப் பிறகும் ஒரு பூட்டு கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். வாக்குச் சீட்டிலும் அதே கவனம். நடுவில் அச்சு உள்ள வெண்கல வட்டுகள் இரண்டு. ஒன்றின் அச்சில் துளை இருக்கும், மற்றதில் இருக்காது. இரு முனையையும் விரலால் பொத்திக்கொண்டு போட்டால் பக்கத்து ஆளுக்கே தெரியாது.

ஆனால் பூட்டு மட்டும் போதுமா? கூலிக்காரன் ஒருநாள் வேலையை விட்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. ஏதென்ஸ் அவனுடைய நாளை விலைக்கு வாங்கியது. ஜூரிக்கு நாள்படி இரண்டு ஓபோல் என்று பெரிக்ளிஸ் ஆரம்பித்து வைத்தார். கிளியோன் மூன்றாக்கினார். கொத்தனாரோ தச்சரோ ஒரு நாளில் சம்பாதித்த ஒரு திராக்மாவில் அது பாதி. நல்ல உழைப்பாளிக்கு நஷ்டம், வேலைக்குப் போக முடியாத கிழவருக்கு லாபம். கிமு 422-ல் மேடையேறிய அரிஸ்டோபனிஸின் ‘குளவிகள்’ நாடகம் இந்தக் கிழவர்களைத்தான் கிண்டலடிக்கிறது. சில்லறையை வாயில் அடக்கிக்கொண்டு போவது அன்றைய வழக்கம். நாடகத்தில் ஒரு ஜூரி வீடு திரும்பியதும், மகள் அப்பா அப்பா என்று கொஞ்சி அந்த மூன்று ஓபோலை அவர் வாயிலிருந்தே லவட்டிவிடுகிறாள்.

பணக்காரர்களுக்கு இந்தப் படி பிடிக்கவில்லை. சாம்ராஜ்யத்தின் கப்பத்தில் நடக்கிற சோம்பேறிக் கூட்டம் என்றார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. கிமு 404-ல் போரில் தோற்று, கப்பம் தந்த நகரங்களை எல்லாம் இழந்த பிறகும் ஜூரிப் படி நிற்கவில்லை. அதுமட்டுமல்ல, மக்கள் சபைக்கு வருவதற்கும் படி கொடுக்க ஆரம்பித்ததே அந்தத் தோல்விக்குப் பிறகுதான். கஜானா காலியாகி நீதிமன்றங்கள் கூட முடியாமல் போன சமயங்களும் உண்டு. ஆனாலும் அந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை.

சபைக்கு வேலை தயார் செய்யும் ஐந்நூற்றுவர் மன்றமும் குலுக்கல்தான். ஒரு வருஷப் பதவி, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. அவர்களில் ஒருவர் தினம் குலுக்கலில் தலைவராவார். பணமும் ஆவணங்களும் இருக்கும் கோயில்களின் சாவியும் அரசு முத்திரையும் ஒரு ராத்திரி, ஒரு பகல் அவர் கையில். அதோடு சரி, மறுபடி ஜென்மத்துக்கும் வராது. எங்கள் துறையில் ‘ஆன்-கால்’ என்று சொல்வோம், இன்றைக்கு மணியடித்தால் எழுந்திருக்க வேண்டியவர். அப்படியே ஒரு நாட்டுக்கு. வருஷத்துக்கு 350 பேருக்கு மேல் இந்த நாள் வாய்த்தது. வயது வந்த ஆண் குடிமக்களே சுமார் 30,000 பேர்தான் என்று மதிப்பிடுகிறார்கள். அப்படியென்றால் தெருவுக்கு ஒருவராவது ஒருநாள் ஏதென்ஸை ஆண்டிருப்பார். ஆனால் படைத்தளபதிகளைத் தேர்தலில்தான் எடுத்தார்கள். ஊர் ஊற்றுகளைக் கவனிக்கும் அதிகாரியையும் அப்படியே. தண்ணீர் விஷயத்தில் குலுக்கலை நம்பவில்லை பாருங்கள்!

பெண்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. கிமு 451-ல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி அப்பா, அம்மா இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். குடியுரிமை அம்மா வழியாகவும் வந்தாக வேண்டும், ஆனால் அம்மாவிடம் தகடு இருக்காது.

அடிமைகள் உழைத்தார்கள், குடிமக்கள் அரசியல் பேசினார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எரெக்தியான் கோயில் கட்டிய கணக்கு கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. தூணுக்கு வரி செதுக்கும் ஒரே வேலையில் குடிமகன், வெளியூர்க்காரன், அடிமை மூவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூலியும் ஒன்றுதான். அடிமையின் கூலி எஜமானிடம் போயிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரியது என்பதை லாவ்ரியோன் வெள்ளிச் சுரங்கம் சொல்லும். நிகியாஸ் என்ற தளபதி ஆயிரம் அடிமைகளைச் சுரங்க வேலைக்கு வாடகைக்கு விட்டிருந்தார், தலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல். மூன்று அடிமைகளின் ஒரு நாள் வாடகை, ஒரு ஜூரியின் ஒரு நாள் படி.

அந்த வெள்ளி நாணயமாகிச் சந்தைக்கு வந்ததும் நல்லதா கள்ளதா என்று பார்க்க வேண்டும். அதற்கான கிமு 375-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 1970-ல் அகோராவில் கல்வெட்டாகக் கிடைத்தது. நாணயம் மாற்றுகிறவர்களின் மேசைகளுக்கு நடுவே ஒரு பரிசோதகர் உட்கார்ந்திருப்பார். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே குறுக்காக வெட்டிவிடுவார். அவர் நல்லது என்று சொன்ன காசை வாங்க மறுக்கும் வியாபாரியின் அன்றைய சரக்கு முழுவதும் பறிமுதல். இவ்வளவு அதிகாரம் உள்ள அந்த மனிதர் அரசாங்கத்தின் அடிமை. வேலைக்கு வராவிட்டால் ஐம்பது சவுக்கடி.

பிரேயஸ் துறைமுகத்துக்கும் இன்னொரு பரிசோதகர் வேண்டும் என்கிறது அதே சட்டம். இருக்கிற அரசு அடிமைகளில் ஒருவரைப் போடலாம், இல்லாவிட்டால் புதிதாக ஒருவரை வாங்கலாம். வாங்குவதற்கான பணத்தை ஒதுக்க வேண்டியவர்கள் அபோதெக்டாய் என்ற பத்து அதிகாரிகள். குலத்துக்கு ஒருவராக, குலுக்கலில் வந்தவர்கள்.