கடைசி நினைவா, இன்றைய நினைவா? மேல்கோட்டையும் சத்தியாகாலமும் தரும் விடை

மைசூரில் உள்ள நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. தீராத நோய் வந்தாலோ, பிள்ளைக்கு வேலை அமையாவிட்டாலோ, "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினோமோ!" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ, "அது இருக்கட்டும் பாட்டி, இப்ப என்ன பண்ணணும்? அதைச் சொல்லு" என்பார்கள். இந்த இரண்டு குரல்களுக்கும் விடை சொன்ன ஆசாரியர்கள் இருவர், நாம் வாழும் இதே பகுதியில் தங்கியிருந்தவர்கள். அவர்களும் நம்மைப் போலத் தமிழ் மண்ணை விட்டு வந்தவர்களே.

முதலாமவர் இராமாநுசர் (மரபுப்படி 1017–1137). சோழ நாட்டில் நேர்ந்த இன்னலால் திருவரங்கத்தை விட்டுப் போசள நாடு வந்தார். மைசூரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள மேல்கோட்டையில் 12 ஆண்டுகள் தங்கினார் என்பது வைணவ மரபு. ஆண்டுக்கணக்கில் ஆய்வாளர்கள் வேறுபடுவர். ஆயினும் அவர் காலத்து மன்னன், 1117-இல் பேலூர்க் கோயிலை எழுப்பிய விஷ்ணுவர்த்தனன் என்பது பொதுவாக ஏற்கப்படுகிறது.

வினையை நம் நூல்கள் மூன்றாகப் பிரிக்கின்றன. பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் பலன் தரத் தொடங்கிவிட்டது பிராரப்தம். இனிச் செய்வதால் வருவது ஆகாமியம். இறைவனை இடைவிடாமல் நினைப்பதே பக்தி என்கிறார் இராமாநுசர். எண்ணெய் ஒழுகுவது போல அறுபடாத நினைவு அது. அதை நாள்தோறும் உயிருள்ளவரை பழக வேண்டும். அப்படிப் பழகினால் பழைய வினை அழியும், பின்வருவது ஒட்டாது என்று ஸ்ரீபாஷ்யம் விளக்குகிறது.

ஆனால் பிராரப்தம் மிஞ்சும். அது தீர இன்னும் பிறவிகள் வேண்டியிருக்கலாம். மேலும், உயிர் பிரியும்போது எதை நினைக்கிறோமோ அதையே அடைகிறோம் என்பது கீதையின் 8-ஆம் அத்தியாயம். அந்த நேரத்தில் நினைவு தப்பிவிட்டால்?

இது ஏட்டுக் கேள்வி அல்ல. என் தாயார் கடைசி இரண்டு ஆண்டுகள் மறதி நோயில் இருந்தார். பெற்ற பிள்ளையின் பெயரே தெரியவில்லை. காரியத்துக்கு வந்த உறவினர் ஒருவர், "கடைசியில பெருமாள் பேரைச் சொல்ல முடியாம போச்சே, இன்னொரு பிறவி வந்துடுமோ?" என்று கேட்டுவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் எனக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை.

விடை இரண்டாமவரிடம் கிடைத்தது. வேதாந்த தேசிகர் (மரபுப்படி 1268–1369). 1323-இல் டில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, ஸ்ரீபாஷ்யத்தின் உரையாகிய சுருதப்பிரகாசிகைச் சுவடியையும், உரையாசிரியரின் இரு பிள்ளைகளையும் காத்துக்கொண்டு, கொள்ளேகாலம் அருகே காவிரிக்கரையில் உள்ள சத்தியாகாலம் வந்து சேர்ந்தார் என்று குருபரம்பரை கூறும். அச்சமின்மையை வேண்டும் அபீதிஸ்தவம் என்ற துதியை அங்கேதான் இயற்றினார் என்பர்.

அவருடைய ரகசியத்ரயசாரம் மணிப்பிரவாளத் தமிழில் 32 அதிகாரங்கள் கொண்டது. ஒருமுறை சரணடைந்தவனுக்குச் சஞ்சிதம் முழுதும் நீங்கும். பிராரப்தமும் இந்த உடலோடு முடியும். கடைசி நினைவு அவன் பொறுப்பல்ல, இறைவன் பொறுப்பு என்பது அதன் கருத்து. உடலும் மனமும் நன்றாக இருக்கும்போது என்னை நினைத்தவனை, அவன் கட்டைபோல் கிடக்கையில் நான் நினைக்கிறேன் என்பது வராகப் பெருமான் வாக்காக மரபில் போற்றப்படுகிறது. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பெரியாழ்வாரும், அப்போது இயலாது, ஆகவே இப்போதே விண்ணப்பம் செய்துவிடுகிறேன் என்னும் பொருள்பட அரங்கனிடம் பாடியிருக்கிறார். சரணாகதியின் நுட்பங்களில் தென்கலையாரும் வடகலையாரும் வேறுபட்டாலும், அந்திம நினைவைப் பற்றி அடியவன் அஞ்ச வேண்டியதில்லை என்பதில் இருவரும் ஒன்றே.

அப்படியானால் நம் கையில் இருப்பது எது? இந்த வேளைதான். ஒரு காரியத்தைத் தொடங்கும்போது "இதைப் பெருமாள் செய்விக்கிறார்" என்றும், முடித்தபின் "அவரே செய்துகொண்டார்" என்றும் நினைப்பதைச் சாத்துவிகத் தியாகம் என்பார்கள். பூசைக்கு மட்டுமல்ல, அரிசி களைவதற்கும் அலுவலகம் போவதற்கும் இது பொருந்தும். செய்வதைக் கவனத்தோடு செய்ய வைக்கும். பலனைப் பற்றிய படபடப்பைக் குறைக்கும்.

என் தாயார் நினைவு நன்றாக இருந்த காலத்தில் தினமும் விளக்கேற்றிக் கைகூப்பியவர். அந்தக் கணக்கு அழியவில்லை. வைத்துக்கொள்பவர் வேறொருவர், அவ்வளவுதான். போன பிறவியைச் சொல்லி நோயாளியைக் குறை காண்பதும், கடைசி மூச்சைச் சொல்லி வீட்டாரைப் பயமுறுத்துவதும் இவ்வாசாரியர்கள் காட்டிய வழி அல்ல.

பங்குனியில் வைரமுடி சேவைக்கு மேல்கோட்டை போகிறோம். கன்னட நாட்டு மலையில் தமிழ்ப் பாசுரம் ஒலிப்பதைக் கேட்கிறோம். இனிச் சத்தியாகாலத்துக்கும் குழந்தைகளை அழைத்துப் போவோம். "இப்ப என்ன பண்ணணும்?" என்று அவர்கள் கேட்கட்டும். பாட்டி சொல்ல வேண்டிய பதிலும் அங்கேதான் இருக்கிறது.