பேரேடும் பத்திரமும்: கணினிக் காலத்தில் ஒரு பிரிவும் இணைவும்

வணிகக் கணக்கியலின் வரலாற்றை எழுதுவோர் பேரேட்டுக்கே முதலிடம் அளிப்பர். பேரேட்டுப் பதிவுகளுக்குச் சான்றாய் நின்ற கடிதம், விலைப்பட்டியல், பற்றுச்சீட்டு என்பனவற்றின் வரலாறு பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. 1494ஆம் ஆண்டு வெனிசு நகரில் அச்சேறிய தமது கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூக்கா பாசியோலி அவ்வாறு செய்தாரல்லர். நினைவேடு, நாளேடு, பேரேடு என்னும் மூன்றினையும் விளக்கியவர், வணிகன் தன்னிடமுள்ள கடிதங்களையும் ஏனைய பத்திரங்களையும் எவ்வாறு ஒழுங்குபடுத்திக் காத்தல் வேண்டும் என்பதற்கும் ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். கணக்கும் அதன் சான்றும் ஒரே தொழிலின் இரு பகுதிகள் என்பதே அவர் கொண்ட கருத்து எனலாம்.

இவ்விரண்டையும் பிரித்து வைத்தது இயந்திரமே. 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய துளையிட்ட அட்டையில் எண்பது நிரல்கள் இருந்தன. அந்நிரல்களுள் அடங்கிய தொகையும் திகதியும் இலக்கமும் கணக்காயின. அடங்காத கையொப்பமும் ஓரக்குறிப்பும் கோப்பறையிலேயே தங்கின. 1951இல் இலண்டனில் தேநீர்க்கும் கேக்குக்கும் பெயர்பெற்ற லயன்ஸ் கம்பனி லியோ என்னும் கணினியைத் தன் வெதுப்பகக் கணக்குகளுக்குப் பயன்படுத்தியபோதும் இந்நிலை மாறவில்லை. 1972இல் ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு விலகிய ஐவர் ஜேர்மனியில் நிறுவிய எஸ்.ஏ.பி., 1992இல் ஆர்/3 என்னும் மென்பொருளை வெளியிட்டது. கொள்வனவு, களஞ்சியம், நிதி ஆகிய பிரிவுகளின் எண்கள் யாவும் அதனால் ஒரே தளத்தில் ஒன்றுசேர்ந்தன. ஆயினும் கொடுப்பனவு பற்றி வழங்குநர் ஒருவர் வழக்காடின், திரையில் தெரியும் தொகை எதனையும் நிரூபிக்கப் போதுமானதன்று. மூலப் பட்டியலைத் தேடி எவரேனும் கோப்பறைக்கு இறங்கியே ஆகவேண்டியிருந்தது.

பத்திரங்களையும் கணினிக்குள் கொணரும் முயற்சி தனிவழியில் வளர்ந்தது. 1982இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஃபைல்நெற் நிறுவனம் பத்திரங்களின் படிமங்களை ஒளியியல் வட்டுகளிற் சேமித்தது. ஐ.பி.எம். 1988இல் இமேஜ்பிளஸ் என்னும் முறைமையை அறிவித்தது. காகிதத்தில் அமிழ்ந்துகிடந்த காப்புறுதி நிறுவனங்களும் வங்கிகளும் இவற்றை நாடியதில் வியப்பில்லை. எனினும் இங்கும் ஒரு குறை நேர்ந்தது. படிமம் ஒரு முறைமையில், பதிவு மற்றொன்றில் என இரண்டும் தனித்தீவுகளாயின. ஒரு திரையிற் கண்ட இலக்கத்தை எழுதுவினைஞர் மறு திரையில் மீளத் தட்டச்சிட்டனர்.

இத்தீவுகளுக்கிடையே பாலமிட்டவற்றுள் எஸ்.ஏ.பி.யின் ஆர்க்கைவ்லிங்க் என்னும் இணைப்பு முறை விரிவாக நோக்கத்தக்கது. பத்திரத்தின் படிமத்தை அது வணிகத் தரவுத்தளத்துள் திணிப்பதில்லை. படிமம் வெளிக் களஞ்சியத்திலேயே இருக்கும். இன்ன வகைப் பதிவு, இன்ன இலக்கம், இன்ன களஞ்சியம், இன்ன பத்திரம் எனும் சில அடையாளங்கள் மட்டுமே ஓர் இணைப்பு அட்டவணையில் எழுதப்படும். நாளேட்டு ஓரத்திற் குறிக்கப்பட்ட பேரேட்டுப் பக்க எண் செய்த வேலையும் ஏறத்தாழ இதுவே.

இம்முறையைக் கையாளுவதற்கு இருவழிகள் இருந்தன. முதலில் பட்டியலைப் படிமமாக்கி, அதனைத் திரையிற் பார்த்தவாறே பதிவு செய்வது ஒன்று. பட்டியலின்மீது பட்டைக்குறி ஒட்டி, பதிவின்போது அக்குறியின் இலக்கத்தையும் உட்செலுத்தி, பின்னர் ஆறுதலாகப் படிமமாக்குவது மற்றது. படிமத்திலுள்ள குறியை வாசித்து முறைமை தானே இரண்டையும் இணைக்கும். முதல்வழி அலுவலகத்தின் பணியொழுங்கையே மாற்றுமாறு கோரியது. இரண்டாவது ஓர் ஒட்டுத்தாளை மட்டுமே கோரியது. ஊழியரின் பழகிய கையை மதித்த வகையில் பின்னதே அறிவார்ந்த தீர்வு எனல் தகும்.

சான்றின் பெறுமதியைச் சட்டம் உரக்கச் சொன்னது 2002இலாகும். 2001 டிசெம்பரில் என்ரோன் கம்பனி வங்குரோத்தடைந்ததையடுத்து, அதன் கணக்காய்வாளரான ஆதர் அண்டர்சன் நிறுவனத்திற் பத்திரங்கள் அழிக்கப்பட்டமை வெளிவந்தது. அந்நிறுவனத்துக்கு எதிரான குற்றத்தீர்ப்பை 2005இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியதாயினும், 2002 யூலையில் இயற்றப்பட்ட சாபேன்ஸ்-ஒக்ஸ்லி சட்டம் நிலைத்தது. கூட்டாட்சி விசாரணையைத் தடுக்கும் நோக்குடன் பத்திரங்களை அழிப்போருக்கு 20 ஆண்டுகள் வரை சிறை என அது விதித்தது. அலுவலக வசதியாகக் கருதப்பட்ட இணைப்பு, இதன் பின்னர் பணிப்பாளர் சபைகளின் கவலையாயிற்று.

பெரிய நிறுவனங்கள் சிறியவற்றை வாங்கிய கதையும் இக்காலத்ததே. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியைக் கணினிமயமாக்க உதவிய வோட்டர்லூ பல்கலைக்கழகப் பணியிலிருந்து 1991இல் பிறந்த ஓப்பன்ரெக்ஸ்ற், பிற்காலத்தில் டொக்யுமென்ரம் போன்ற போட்டியாளரையும் தன்னுள் அடக்கியது. ஃபைல்நெற் 2006இல் ஐ.பி.எம். வசமாயிற்று. பல்வேறு களஞ்சியங்களுக்கும் பொதுவான சி.எம்.ஐ.எஸ். என்னும் நியமம் 2010இல் ஏற்கப்பட்டது.

சேர்ப்பதற்கு வழி கண்டபின் எழுந்த சிக்கல் அழிப்பதைப் பற்றியதாகும். ஜேர்மனியில் கணக்குப் பதிவுச் சான்றுகளைக் காக்கவேண்டிய காலம் 2025 முதல் 10 ஆண்டிலிருந்து 8 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியோ தேவை முடிந்த தனியாள் விபரங்களை வைத்திருத்தல் ஆகாது என்கிறது. ஆகவே பதிவு நீங்கும் நாளைப் படிமக் களஞ்சியமும், படிமம் நீங்கியதைப் பேரேடும் அறிந்திருத்தல் வேண்டும். ஒன்று மட்டும் அழிந்து மற்றது எஞ்சின், எஞ்சியது சான்றற்ற கணக்காகவோ கணக்கற்ற சான்றாகவோ கிடக்கும்.