பாட்டுக்கென எழுந்த மண்டபங்கள்: அரையர் சேவையும் கைசிக நாடகமும் உணர்த்துவன



திருக்கோயில் மண்டபத்தைக் கல்லென்றும் தூணென்றும் மட்டுமே எண்ணுவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. திருப்பணி பற்றிக் கூடும்போது பேசப்படுவன தளவரிசை, மேல்தளம், வண்ணம், மின்விளக்கு ஆகியவையே. அம்மண்டபம் எதற்காக எழுந்தது, எந்நாளில் அங்கே யார் எதனைப் பாடினர், எதனை அபிநயித்தனர் என்னும் வினா எழுவதில்லை. நம் பூருவாசாரியர் ஸம்ப்ரதாயத்தில் மண்டபம் பாட்டுக்கு இடம். பாட்டு நீங்கினால் அது வாகனங்களை அடுக்கிவைக்கும் கொட்டிலாகிவிடும். பாட்டைக் காவாது மண்டபத்தை மட்டும் காத்தல் பாதிக் காவலே என்பதைப் பழைய வரலாறு கொண்டும், நம் காலத்தில் திருக்குறுங்குடியில் நிகழ்ந்தது கொண்டும் ஈண்டு ஆராய்வோம்.

நாதமுனிகள் வகுத்த நெறி

திருமங்கையாழ்வார் திருவரங்கத்தில் மார்கழி மாதத்துத் திருவாய்மொழி கேட்பிக்கும் உத்ஸவத்தைத் தொடங்கிவைத்தார் என்று கோயிலொழுகு கூறும். இடையில் அருளிச்செயல் மறைந்தது. வீரநாராயணபுரத்து நாதமுனிகள் அதனை நம்மாழ்வார் அருளால் மீட்டு, இயலும் இசையுமாக வகுத்து, இசைப்பகுதியைத் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் பயிற்றுவித்தார். மீட்டது சொல்லை மட்டுமன்று என்பது இங்கே நினைக்கத்தக்கது. பலர் ஒருங்கே தட்டிய தாளங்களின் நிறையை ஓசை கொண்டே பகுத்துரைத்தவர் அவர் என்று குருபரம்பரை பேசுகிறது. தேவகானத்தின் நுட்பம் அறிந்த ஒருவர் கையில் பாசுரம் சேர்ந்தமையால்தான் அது பண்ணோடும் தாளத்தோடும் நமக்குக் கிடைத்தது. அவ்விசைமரபின் வழிவந்தோரே அரையர்கள்.

பாடுவோருக்கு நிலமும் நெல்லும் வகுத்தமைக்குக் கல்வெட்டுகளும் சான்று. விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில், முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு திருவாய்மொழி விண்ணப்பம் செய்வோருக்கு நிவந்தம் வகுத்ததைக் கூறுகிறது. வேதமும் வியாகரணமும் பயின்ற முந்நூற்று நாற்பது மாணாக்கருக்கு நெல் அளந்த அதே ஏற்பாட்டில் திருவாய்மொழிக்கும் பங்கு இருந்தது. ஊரார் கற்றளி எழுப்பிய கையோடு பாடுவோர்க்கும் வழிசெய்தனர்; இரண்டையும் வேறாக எண்ணவில்லை.

திருவரங்கத்தில் இவ்வொழுங்கு இன்றும் காணக்கிடைக்கிறது. பகல்பத்து நாள்களில் நம்பெருமாள் அர்ஜுன மண்டபத்தில் எழுந்தருளியிருப்பார். இராப்பத்தில் ஆயிரங்கால் மண்டபத்துத் திருமாமணி மண்டபத்திற்கு எழுந்தருள்வார். அரையர் கூம்பிய குல்லாயணிந்து, கையில் தாளம் கொண்டு, பிறிதொரு வாத்தியத்தின் துணையின்றிப் பாடி அபிநயித்து, வழிவழியாக வந்த தம்பிரான்படி வ்யாக்யானம் ஸாதிப்பர். முத்துக்குறி, அமிர்தமதனம், இரணியவதம் போன்றவற்றுக்கு உரிய நாளும் இடமும் வரையறுக்கப்பட்டுள்ளன. இக்கோயிலின் சீரமைப்புப் பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது வழங்கப்பட்டது. அது கல்லுக்கு நேர்ந்த பெருமை. அம்மண்டபங்களுக்கு உயிரளிப்பது ஆண்டுதோறும் ஒலிக்கும் அந்த இணைத்தாளமே.

அபிநயமே வ்யாக்யானம்

அரையர் பாடிய அரங்கு வெறும் காட்சிக்களம் அன்று. பொருள் நிச்சயிக்கப்பட்ட இடமும் அதுவே. கண்ணன் அப்பூச்சி காட்டுதலைக் கூறும் பெரியாழ்வார் திருமொழிப் பகுதியை அரையர் ஒருவர் அபிநயித்தபோது, கண்ணிமையை மடக்கிக் குழந்தைகளை அச்சுறுத்தும் பாவனையைக் காட்டினார். எம்பெருமானார்க்குப் பின்னே இருந்த எம்பார், தோள்களில் சங்காழிகளை ஏந்தும் முத்திரையைக் குறிப்பாகக் காட்டினார். அரையர் உடனே அதனை ஏற்று அவ்வாறே அபிநயித்தார். எளியனாய்ப் பழகிய ஆயர்பிள்ளை திடீரெனப் பரத்வம் காட்டியதே ஆய்ச்சியர்க்கு அச்சம் விளைத்தது என்னும் பொருள் அக்கணத்தில் புலனாயிற்று. எம்பெருமானாரும் இக்குறிப்பு யாரிடமிருந்து வந்தது என்பதைத் திரும்பிப் பாராமலே உணர்ந்தார்.

இந்த ஐதிஹ்யம் நமக்குச் சொல்வது யாது? பாசுரத்தின் பொருள் ஓலையில் மட்டும் வளரவில்லை. பாடுவோன் கையசைவிலும், கேட்டிருந்த ஆசாரியன் குறிப்பிலும் வளர்ந்தது. அரையர் மரபு ஓரூரில் அற்றுப்போகும்போது அவ்வூர் ஒரு கலையை மட்டும் இழப்பதில்லை. ஒரு வ்யாக்யானத்தையே இழக்கிறது.

தேய்ந்த வரலாறு

பல திவ்யதேசங்களில் விளங்கியிருந்த அரையர் சேவை இன்று தமிழ்நாட்டில் திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய மூன்று தலங்களிலும், கருநாடகத்தில் திருநாராயணபுரத்திலுமே எஞ்சி நிற்கிறது. பிற கோயில்களில் அத்யாபகர் கோஷ்டி உண்டு; அருளிச்செயலை இயலாகச் சேவிக்கும் வழக்கம் நன்கு நிலைத்துள்ளது. ஆகவே சொல் காக்கப்பட்டது. பண்ணும் தாளமும் அபிநயமுமே நழுவின. ஊழிய மானிய நிலங்களின் வருவாய் சுருங்கியது, கைங்கர்யக் குடும்பங்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் பெயர்ந்தன, ஒரே குடும்பத்தை நம்பிய மரபு அக்குடும்பத்தில் ஒரு தலைமுறை பயிலாதபோது அறுந்தது.

மகளிர் ஆடிய மரபின் கதை வேறு. சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று ஆலயப் பிரவேசத்தை உறுதிசெய்தது. மற்றொன்று பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்தது. இரண்டும் நெடுநாள் அநீதியை நீக்கின; அதில் ஐயமில்லை. ஆயினும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நீக்கியவர்கள், அம்மகளிர் நெஞ்சில் இருந்த பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் மானத்தோடு கூடிய வேறோர் இடம் வகுக்கவில்லை. வழக்கம் ஒழிந்தது, அதனோடு வித்தையும் மண்டபத்தை விட்டு வெளியேறிற்று.

திருக்குறுங்குடியில் நிகழ்ந்தது

இப்பின்னணியில் திருக்குறுங்குடி தனிச்சிறப்புடையது. மகேந்திரகிரி அடிவாரத்தில் வாழ்ந்த பாணர் குலத்து நம்பாடுவான், கார்த்திகை ஏகாதசி இரவில் குறுங்குடி நம்பியைப் பாடச் செல்லும் வழியில் பிரஹ்மராக்ஷஸன் கையில் அகப்பட்டு, திரும்பி வருவதாகப் பதினெட்டுச் சபதங்கள் செய்து, பாடி முடித்துச் சொன்னபடியே திரும்பி, கைசிகப் பண்ணில் பாடிய ஒரு பாட்டின் பலனைத் தந்து அவனை உய்வித்த சரிதம் வராஹ புராணத்துக் கைசிக மாஹாத்ம்யம். பராசர பட்டர் இதற்கு வ்யாக்யானம் அருளினார். திருவரங்கத்தில் இதனை அவர் வாசித்தருளக் கேட்டுப் பெரிய பெருமாள் உகந்து பரமபதம் அளித்தார் என்பது ஐதிஹ்யம். குலத்தால் புறத்தே நின்ற அந்தப் பாடகன் காணும்படி நம்பி கொடிமரத்தை விலகச் செய்தான் என்பர். அதற்கேற்ப இன்றும் அங்கே கொடிமரம் நேர்கோட்டிலிருந்து விலகியே நிற்கிறது. பாட்டுக்காகக் கட்டடமே இடம்பெயர்ந்த தலம் அது.

இச்சரிதம் அக்கோயிலின் கைசிக மண்டபத்தில் நாடகமாக நடிக்கப்பட்டு வந்தது. ஆடியவர் கோயில் மகளிர். இருபதாம் நூற்றாண்டில் இது நலிந்து, ஆட்டமும் இசையும் குன்றிய நிலையை எய்திற்று. 1999-இல் பேராசிரியர் சே. இராமானுஜம் அவர்களும் நடனக் கலைஞர் அனிதா ரத்னம் அவர்களும் முனைந்து இதனை மீட்டனர். பழைய பிரதியும், முதிய கலைஞர் நினைவில் எஞ்சியிருந்தனவும், இசையறிந்தோர் துணையும் ஒருங்கு சேர்ந்தன. ஆண்டுதோறும் கைசிக ஏகாதசி இரவில் அம்மண்டபத்திலேயே நாடகம் நிகழ்கிறது.

இம்மீட்பில் கொள்ளத்தக்க நுட்பங்கள் மூன்று. முதலாவது, நாடகத்தை நகரத்துச் சபைக்குப் பெயர்த்து அங்கே நிலைபெறச் செய்யவில்லை. உரிய நாளில், உரிய மண்டபத்தில், நம்பியின் திருமுன்பே வைத்தனர். இரண்டாவது, புதிதாக ஒன்றைப் புனையாமல் கிடைத்த பாடத்தையே ஆதாரமாகக் கொண்டனர். மூன்றாவது, மகளிர் ஆட்டம் பழைய கட்டுப்பாடின்றி, கலைஞர் என்னும் மதிப்போடு திரும்பிற்று. 1947-இல் வகுக்கத் தவறிய இடம் அரை நூற்றாண்டு கழித்து அம்மண்டபத்தில் வகுக்கப்பட்டது.

நம் மேற்குத் தொண்டைநாட்டுத் தலங்கள்

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லி, திருமழிசை, திருநின்றவூர் ஆகிய மூன்று தலங்களுக்கும் இச்செய்தி நெருங்கிய தொடர்புடையது. திருமழிசைப்பிரான் காஞ்சியை விட்டுப் புறப்பட்டபோது, அவர் பாட்டுக்கு இசைந்து எம்பெருமானும் பைந்நாகப்பாயைச் சுருட்டிக்கொண்டு உடன் சென்றான். திரும்பப் பாடியபின் திரும்பினான். திருநின்றவூரிலோ, பாடாமல் சென்ற திருமங்கையாழ்வாரைப் பின்தொடர்ந்து பாசுரம் பெற்று வருமாறு என்னைப்பெற்ற தாயாரே பெருமாளை அனுப்பினாள் என்பர்; அத்தலத்துக்குரிய பாசுரங்கள் கடல்மல்லையிலும் திருக்கண்ணமங்கையிலும் கிடைத்தன. பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சிநம்பிகள் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்த பேரருளாளன் ஸந்நிதியில்தான், திருவரங்கப்பெருமாள் அரையர் பாடி அபிநயித்து, உகந்த பெருமாளிடம் எம்பெருமானாரையே பரிசாகக் கேட்டுப் பெற்றார். நம் தர்சனம் திருவரங்கத்தில் வேரூன்றியது ஓர் அரையரின் பாட்டால்.

ஒரு தலத்து ஆழ்வார் பாட்டின்பின் பெருமாள் போனான். மற்றொரு தலத்துப் பெருமாள் பாட்டைத் தேடிப் போனான். இவ்விரு சரிதங்களையும் போற்றும் நாம், பாட்டு நீங்கிய மண்டபத்தில் பளிங்கு பதிப்பதை மட்டும் கைங்கர்யமாகக் கருதலாகாது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிப் படைக்கலத் தொழிற்சாலைகளும் பல ஊர் மக்களை இங்கே குடியேற்றின. அவர்களுள் பழைய கைங்கர்யக் குடும்பத்தார் சிலரே. கேட்கும் ஆர்வமுடையோர் மிகப் பலர். ஆகவே செய்யத்தக்கன எளியவை. திருப்பணிக்கு முன்னரே, எம்மண்டபத்தில் எந்நாளில் எது சேவிக்கப்பட்டது என்பதை முதிய அத்யாபகரிடம் கேட்டு, அவ்வூருக்கு ஓர் ஒழுகாக எழுதிவைக்க வேண்டும். கல் தளத்தின்மேல் வழுவழுப்பான ஓடுகளைப் பதித்தலும், தூண்களுக்கிடையே கம்பிக்கதவு இட்டு அடைத்தலும் ஓசையைக் கெடுப்பன. அவற்றைத் தவிர்க்க வேண்டும். திருவாய்மொழிப் பதிகங்களுக்குப் பழம்பதிப்புகளில் காணும் பண், தாளக் குறிப்புகளை ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளுக்கும் பயிற்றுவிக்கலாம். குல்லாயும் தம்பிரான்படியும் அரையர் குடும்பங்களின் உரிமை. அவற்றைப் போலியாகச் செய்தல் தகாது. கைசிக த்வாதசியன்று பட்டர் வ்யாக்யானத்தோடு புராணம் வாசிப்பதற்கும், அந்நாளில் மண்டபத்தில் ஒலிபெருக்கியின்றித் தாளத்தோடு ஒரு பதிகம் பாடுவதற்கும் தடையொன்றும் இல்லை.

நம்பாடுவான் தந்தது பாடிய எல்லாப் பாட்டின் பலனையும் அன்று. கைசிகத்தில் பாடிய ஒன்றின் பலனையே. ஒரு ராக்ஷஸனை உய்விக்க அது போதுமாயிற்று. ஆண்டுக்கொரு நாள் ஒரு பதிகம் உரிய இடத்தில் ஒலித்தால், அம்மண்டபமும் உய்வதற்கு அதுவே தொடக்கமாகும்.