காதல் நகைச்சுவையில் கூலிச் சமையற்காரர்

காதல் நகைச்சுவைக் கதைகளில் சமையற்காரர் நிலையான பாத்திரமாக உருப்பெற்ற இடம் பழைய ஏதென்ஸ். கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு செழித்த ‘புது நகைச்சுவை’ நாடகங்களில் ஓர் இளைஞன் ஒருத்தியை விரும்புவான்; தடை வரும்; தடை நீங்கிக் கல்யாணம் கூடும். கல்யாணம் என்றால் பந்தி உண்டு, பந்தி என்றால் சமையலாள் வேண்டும். ஏதென்ஸ்வாசிகள் விசேஷ நாட்களில் சந்தைக்குப் போய்ச் சமையற்காரரை நாள்கூலிக்கு அமர்த்தி வருவார்கள். பலி ஆட்டை அறுப்பது, பங்கிடுவது, சமைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டு விவகாரம் எதுவும் தெரியாத வெளியாள் ஒருவர் கத்தியும் கரண்டியுமாக உள்ளே நுழைவது நாடகாசிரியர்களுக்கு மிக வசதியாக இருந்தது.

நாடகாசிரியர் மெனாண்டரின் ‘டிஸ்கோலோஸ்’ இதற்கு நல்ல சான்று. கி.மு. 316-இல் லெனாயா விழாவில் முதற்பரிசு பெற்ற நாடகம் இது. பான் தெய்வத்துக்குப் பலியிட ஆட்டோடு வரும் சமையற்காரர் சிகோன், பாத்திரம் போதாமல் பக்கத்து வீட்டில் அண்டா இரவல் கேட்கிறார். அந்த வீட்டுக்காரர் க்னெமோன் மனிதர்களையே வெறுக்கும் கிழவர். நாயகன் விரும்பும் பெண்ணின் தகப்பனாரும் அவரே. வசவு வாங்கித் திரும்பிய சிகோன், கிழவர் கிணற்றில் விழுந்தபோது மகிழ்கிறார். கடைசியில் அவரைப் படாதபாடு படுத்திக் கல்யாண விருந்துக்கு இழுத்துப் போகிறார். காணாமல் போயிருந்த இந்த நாடகம், எகிப்தில் கிடைத்த பப்பைரஸ் ஏட்டிலிருந்து 1958-இல்தான் அச்சானது.

இந்தச் சமையற்காரர்களின் தனி அடையாளம் தற்பெருமை. யாருக்குச் சமைத்தோம் என்பதே அவர்களின் மூலதனம். நாடகாசிரியர் யூப்ரோனின் எஞ்சிய நாடகத் துண்டு ஒன்றில், சமையற்காரர் ஒருவர் தன் குருவின் கதையைச் சொல்கிறார். கடலிலிருந்து பன்னிரண்டு நாள் பயணத் தொலைவில், நடுக் குளிர்காலத்தில், நிகோமெடிஸ் மன்னருக்கு நெத்திலி மீன் மேல் ஆசை வந்துவிட்டது. குருவோ டர்னிப் கிழங்கை நெத்திலி வடிவில் சீவி, வேகவைத்து, எண்ணெயும் உப்பும் சேர்த்து, கசகசா தூவிப் பரிமாறினார். மன்னர் அந்த மீனை நண்பர்களிடம் புகழ்ந்தாராம். சமையற்காரரின் பீற்றலோடு அரசரின் நாக்கும் சேர்ந்தே கேலிக்குள்ளாகிறது. இத்தகைய துண்டுகளை நமக்குக் காத்துத் தந்தவர், சுமார் கி.பி. 200-இல் விருந்துப் பேச்சுகளை 15 நூல்களாகத் தொகுத்த அதெனேயுஸ்.

ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் இந்தப் பாத்திரத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்தார். அவருடைய ‘ஔலுலாரியா’வில் கல்யாணச் சமையலுக்கு வந்தவர் பெரிய பானை ஒன்று கேட்க, தங்கம் நிறைந்த பானையைப் பதுக்கி வைத்திருக்கும் கஞ்சனுக்குப் பகீரென்கிறது, சமையற்காரருக்கு அடி விழுகிறது. இதே நாடகத்தைத் தழுவி பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர் 1668-இல் எழுதிய ‘கஞ்சன்’ நாடகத்தில், சமையற்காரரே வண்டியோட்டியும்கூட. எந்த வேலையாளிடம் பேசுகிறீர்கள் என்று எஜமானரைக் கேட்டு, அதற்கேற்ற மேலங்கியை மாட்டிக்கொள்வார்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸ் 1925-இல் அறிமுகப்படுத்திய பிரெஞ்சுச் சமையற்காரர் அனடோல், முதலில் ரோஸி எம். பேங்க்ஸ் என்ற கற்பனைக் காதல் நாவலாசிரியையின் வீட்டில் இருந்தவர். பிறகு கதைசொல்லியின் அத்தை டாலியாவின் வீட்டுக்கு மாறுகிறார். அவரை இழந்துவிடுவோமோ என்று பணக்காரர்கள் நடுங்குகிறார்கள். 1938-இல் வந்த ‘தி கோட் ஆஃப் தி ஊஸ்டர்ஸ்’ நாவலில் ஒரு வெள்ளிப் பால்குவளைக்கு ஈடாகவே அவர் கேட்கப்படுகிறார். ஆனால் கதை சொல்லும் உரிமை அப்போதும் எஜமானர் பக்கமே இருந்தது.

அது கைமாறியது பெண் எழுத்தாளர்களால். நோரா எஃப்ரான் 1983-இல் எழுதிய ‘ஹார்ட்பர்ன்’ நாவலில் சமையல் நூலாசிரியை ஒருத்தி தன் மணமுறிவைத் தானே சொல்கிறாள். இடையிடையே செய்முறைகளும் வருகின்றன. சமையலறைக்கு வெளியேயும் வேலையாள் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கினாள்: 2003-இல் வெளிவந்த லாரன் வைஸ்பெர்கரின் ‘தி டெவில் வேர்ஸ் பிராடா’வில், பெயர்பெற்ற பத்திரிகை ஆசிரியைக்குச் சூடு ஆறாமல் காபி வாங்கிவர ஓடும் உதவியாளரே கதைசொல்லி. வைஸ்பெர்கர் ‘வோக்’ இதழின் அப்போதைய ஆசிரியர் அன்னா வின்டூரிடம் உதவியாளராக இருந்தவர். நாவலில் பள்ளி ஆசிரியர் வேலை பார்க்கும் கதைசொல்லியின் காதலன், 2006-இல் வந்த திரைப்படத்தில் உணவகச் சமையற்காரன் ஆக்கப்பட்டான்.