மும்பை–கோவா கடலோரச் சாலையில் சைக்கிள் பயணம்: கிலோமீட்டர் கணக்கு ஏன் கைகொடுக்காது?

சென்னையில் இருந்தவரை ஈசிஆர்தான் எங்களுக்குக் கடற்கரைச் சாலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிளம்பி மாமல்லபுரம் போய், இட்லி சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்குள் வீடு திரும்பலாம். போக வர நூறு கி.மீ.க்கு மேல். கடலை ஒட்டிய சாலை என்றால் இப்படித்தான் மேஜை மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கை அங்கேதான் வந்தது.

அதே நம்பிக்கையோடு நானும் கல்லூரி நண்பனும் ஒரு ஜனவரியில் மும்பையிலிருந்து கோவாவுக்குக் கிளம்பினோம். நாலாவது நாளுக்கு நான் எக்ஸெல் ஷீட்டில் போட்டிருந்த கணக்கு இது: ஹர்ணையிலிருந்து கணபதிபுலே, நடுவில் இரண்டு படகு, மொத்தம் சுமார் 120 கி.மீ. அன்று மதியம் தாபோல் ஜெட்டிக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போது, ஒரு மேட்டின் நடுவில் நண்பன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு முந்திரி மர நிழலில் உட்கார்ந்தான். வாந்தி, தலைசுற்றல். "நீ மேப்ப பாத்து ஓட்டுற, நான் மேட்டப் பாத்து ஓட்டுறேன்டா" என்றான்.

அவன் சொன்னது சரி. கொங்கண் கடற்கரையில் நீண்ட தூர சைக்கிள் பயணத்தைத் திட்டமிட கிலோமீட்டர் உதவாது. ஏற்றம், படகு நேரம், இருவரில் மெதுவாக ஓட்டுபவரின் வேகம் ஆகிய மூன்றும்தான் கணக்கு.

கடற்கரையில் மலை எப்படி வந்தது?

கிழக்குக் கரை ஆறுகள் நீளமானவை. காவிரி, கிருஷ்ணா, கோதாவரி எல்லாம் நூற்றுக்கணக்கான கி.மீ. ஓடி வண்டலைக் கொண்டுவந்து கொட்டி, கடலோரத்தைச் சமவெளியாக்கிவிட்டன. மேற்கில் சஹ்யாத்ரி மலைக்கும் கடலுக்கும் இடைவெளி பெரும்பாலும் 50 முதல் 80 கி.மீ.தான். சாவித்ரி, வாசிஷ்டி, சாஸ்திரி போன்ற ஆறுகள் குட்டையானவை, வேகமானவை. அவை அறுத்த பள்ளத்தாக்குகளுக்குள் கடல் ஏறி, நீண்ட கழிமுகங்களாக உள்ளே நுழைந்திருக்கிறது.

இரண்டு கழிமுகங்களுக்கு நடுவே இருப்பது செம்புரைக்கல் மேடு. உள்ளூரில் இதற்குப் பெயர் ‘சடா’. மேலே தட்டையாக, வெயிலில் காய்ந்து, மரமே இல்லாமல் கிடக்கும். ஆக, சாலை என்ன செய்கிறது? மீனவ கிராமத்தில் கடல் மட்டத்தில் இருக்கும், உடனே நூறு மீட்டருக்கு மேல் ஏறும், சடாவில் கொஞ்ச தூரம் ஓடும், அடுத்த கழிமுகத்துக்கு இறங்கும். மறுபடியும் ஏறும். நாள் முழுக்க இதேதான். ஊட்டி மாதிரி ஒரே ஏற்றமாக இருந்தால் மனசைத் தயார் செய்துகொள்ளலாம். இங்கே ஏறிய உயரம் எல்லாம் பத்து நிமிடத்தில் பிரேக் கட்டைகளில் தேய்ந்து போய்விடுகிறது.

ஏற்றத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இது பள்ளிக்கூட இயற்பியல்தான். ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 95 கிலோ என்று வையுங்கள். ஒரு நாளில் மொத்தம் 1,500 மீட்டர் ஏற வேண்டுமென்றால், புவியீர்ப்பை எதிர்த்து மட்டும் செய்ய வேண்டிய வேலை சுமார் 14 லட்சம் ஜூல். வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுகிற ஒருவர் நாள் முழுக்கத் தாங்கக்கூடிய சக்தி 100 வாட் அளவு. அப்படியானால் ஏற்றத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 3 மணி 50 நிமிடம் போகிறது. காற்று, மோசமான சாலை, டீ, பஞ்சர் எல்லாம் தனி. ஈசிஆர் கணக்கில் அந்த நாலு மணி நேரம் பூஜ்ஜியம். என் ஷீட்டில் அந்த வரிசையே இல்லை.

கியர் விஷயமும் இதோடு ஒட்டியது. ரோடு பைக்குகளில் பொதுவாக முன்னால் 34 பல், பின்னால் 32 பல் வரை கிடைக்கும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. வேகம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில் அந்த வேகத்துக்கு 200 வாட்டுக்கு மேல் வேண்டும். நம்மில் பெரும்பாலானோருக்கு அது சில நிமிடக் கதை. பழைய மலை சைக்கிளில் முன்னால் 22, பின்னால் 34 பல் இருந்தால், அதே மிதியில் வேகம் 5 கி.மீ.க்குக் குறையும், தேவைப்படுவது 130 வாட் அளவு. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் மேலே போய்ச் சேரலாம். இந்தப் பயணத்துக்காகப் புதிதாக விலை உயர்ந்த ரோடு பைக் வாங்க நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்கவும். இறங்கித் தள்ளுவதில் தப்பே இல்லை. நாங்கள் நிறையத் தள்ளினோம்.

வழி எது, படகுகள் எங்கே?

என்எச் 66 உள்நாட்டில், கடலிலிருந்து விலகிப் போகிறது, லாரிகள் அதிகம். சைக்கிளுக்கு ஏற்றது ரேவஸிலிருந்து ரெட்டி வரை போகும் மாநிலக் கடலோரச் சாலை. மும்பையிலிருந்து கோவா எல்லை வரை ஏறத்தாழ 500 முதல் 550 கி.மீ. அடல் சேதுவில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் மும்பையை விட்டு வெளியேற நல்ல வழி பாவூச்சா தக்கா துறையிலிருந்து மாண்ட்வாவுக்குப் போகும் ரோ-ரோ கப்பல். 2020இல் தொடங்கிய இந்தச் சேவையில் ஒரு மணி நேரத்தில் அக்கரை. அங்கிருந்து அலிபாக், காஷித் வழியாக முருட்.

அதன் பிறகு வரிசையாகப் படகுகள்: அகர்தண்டா–திகி, பாக்மாண்ட்லா–வேஸ்வி, தாபோல்–தோபாவே, தவ்சால்–ஜெய்கட். கடைசியில் கோவாவுக்குள் தெரேகோல்–கேரி. கார்களோடு சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். கடப்பதற்குச் சில நிமிடங்கள்தான். ஆனால் கடைசிப் படகைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். தாபோலில் படகு இல்லையென்றால் வாசிஷ்டி ஆற்றைச் சுற்றிக்கொண்டு சிப்ளுண் வழியாகப் போக வேண்டும். அது 100 கி.மீ.க்கு மேல். அதனால் படகு நேரத்தை முந்தைய நாள் இரவே தங்கும் விடுதியில் கேட்டுவிடுங்கள். இணையத்தில் இருக்கும் அட்டவணையை நம்பி நான் பட்டது போதும்.

ஜெய்கட்டுக்குத் தெற்கே பெரிய கழிமுகங்களில் பாலங்கள் உண்டு. ரத்னகிரி, ஜைதாபூர், விஜயதுர்க், தேவ்கட், மால்வண், வேங்குர்லா என்று வழி தெளிவாகப் போகும். ரத்னகிரியில் அரை நாள் ஓய்வெடுத்தால், பர்மாவின் கடைசி மன்னர் திபாவை ஆங்கிலேயர்கள் நாடு கடத்தி வைத்திருந்த அரண்மனையைப் பார்க்கலாம். அவர் 1916இல் அங்கேயே இறந்தார். இதைவிட முக்கியமாக நான் சொல்வது சடாக்கள். ஏறும்போது திட்டித் தீர்த்த அதே மேடுகளில்தான் கொங்கணின் பாறைக் கீறல் ஓவியங்கள் இருக்கின்றன. காஷேளியில் ஒரு யானை உருவம், அதற்குள்ளும் சுற்றிலும் மீன், பறவை, விலங்குகள். 2022இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஓவியங்கள் சேர்ந்தன. காரில் போகிறவர்கள் ‘ஒண்ணுமில்லாத பொட்டல்’ என்று தாண்டிவிடும் இடம் அது.

எந்த மாதம், எந்தத் திசை?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ரத்னகிரியில் ஆண்டு மழை சென்னையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதில் பெரும்பகுதி ஜூன்–செப்டம்பரில் கொட்டிவிடும். அப்போது பாசி பிடித்த செம்புரைக்கல் இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பார்க்க ஆசை வேண்டாம். திசை என்றால் வடக்கிலிருந்து தெற்கு. குளிர்கால மதியங்களில் இந்தக் கரையில் கடல் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசும். முதுகில் கை வைத்துத் தள்ளும்.

இரண்டு பேர் போவதில் என்ன சிக்கல்?

ஒருவர் பின்னால் ஒருவர் ஓட்டினால் பின்னால் வருபவருக்குக் காற்றுத் தடை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். சமவெளியில் வேகமான ஆள் மெதுவான ஆளுக்கு உதவுவது அப்படித்தான். மேட்டில் 6 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஈசிஆரில் நண்பன் என் பின்னால் சுலபமாக வந்துகொண்டிருந்ததால் இருவரும் ஒரே வேகம் என்று நினைத்திருந்தேன். கொங்கணில் முதல் மேட்டிலேயே வித்தியாசம் தெரிந்தது. அதை நான் கணக்கில் எடுக்க நாலு நாள் ஆனது.

மேட்டில் உண்மையிலேயே உதவுவது எடையை மாற்றுவது. மெதுவாக ஓட்டுபவரின் மூட்டையிலிருந்து 4 கிலோவை எடுத்து மற்றவர் சைக்கிளில் கட்டினால், அவருக்குத் தேவையான சக்தி சுமார் 4 சதவீதம் குறையும். வேகமானவருக்கு அதே அளவு கூடும். இடைவெளி இரண்டு பக்கமும் சுருங்குகிறது. டூல் கிட், பம்ப், பவர் பேங்க் எல்லாம் என் கேரியருக்கு வந்த பிறகுதான் நாங்கள் சேர்ந்து ஓட்ட ஆரம்பித்தோம்.

இன்னொன்று வெப்பம். 30 டிகிரிதானே என்று தோன்றும். சமவெளியில் ஓட்டும்போது நம் வேகமே விசிறி. மேட்டில் அந்த விசிறி நின்றுவிடுகிறது, உடம்போ முழு மூச்சில் சூடாகிறது, கடலோர ஈரப்பதத்தில் வியர்வையும் காய்வதில்லை. தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் அங்கேயே நிறுத்தி, நிழலில் உட்கார வைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, ஓஆர்எஸ் கொடுக்க வேண்டும். பேச்சு குழறினாலோ ஆள் குழம்பினாலோ காத்திருக்கக் கூடாது. அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம், உடனே மருத்துவமனை. என் நண்பனுக்கு ஒன்றரை மணி நேர நிழலும் இரண்டு பாக்கெட் ஓஆர்எஸ்ஸும் போதுமானதாக இருந்தது. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். முன்னால் போய்க்கொண்டிருந்த நான் மேட்டின் உச்சியில் நிற்காமல் இறங்கியிருந்தால், அவன் உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தே இருக்காது. போன் சிக்னலும் அங்கே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு உச்சியிலும் ஒவ்வொரு பிரிவுச் சாலையிலும் நிற்பது என்று வைத்துக்கொண்டோம். அன்று இரவு கணபதிபுலேவுக்குப் பதில் குஹாகரில் தங்கினோம். மீதி நாட்களுக்கு 60, 65 கி.மீ.தான். மொத்தம் ஒன்பது நாள்.

சாலை எவ்வளவு பாதுகாப்பு?

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். சைக்கிள் ஓட்டிகள் அதில் ஏறத்தாழ 3 சதவீதம். சின்ன எண் என்று நிம்மதி அடைய வேண்டாம். எத்தனை பேர் எத்தனை கி.மீ. சைக்கிள் ஓட்டினார்கள் என்பது அந்த அறிக்கையில் இல்லை. அது இல்லாமல் ஆபத்தை அளக்க முடியாது. இருட்டியபின் ஓட்டாதீர்கள், வளைவுகளில் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகாதீர்கள், பின் விளக்கு பகலிலும் எரியட்டும்.

சின்ன ஊர்க் கடைகளில் 700சி டியூப் கிடைப்பது அரிது. ஆளுக்கு இரண்டு டியூப், பிரெஸ்டா வால்வு என்றால் ஒரு அடாப்டர், பின் பிரேக்குக்கு ஒரு ஜோடி கட்டை.

இந்த வழி இப்படியே இருக்குமா?

இருக்காது. மகாராஷ்டிர மாநில சாலை மேம்பாட்டுக் கழகத்தின் ரேவஸ்–ரெட்டி திட்டம், படகுகள் ஓடும் கழிமுகங்களில் பாலம் கட்டி இதைத் தொடர்ச்சியான நெடுஞ்சாலையாக்கப் போகிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அது பெரிய விடுதலை. கடைசிப் படகுக்குப் பிறகு பிரசவ வலி வந்தால் நூறு கி.மீ. சுற்றுவது யாருக்கு வேண்டும்? சைக்கிளுக்கு வேறு கணக்கு. இன்று இந்தச் சாலையில் லாரிகள் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், கழிமுகங்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டியிருப்பதுதான். பாலம் வந்தால் அவையும் வரும். போவதாக இருந்தால் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம்.

திரும்புவதற்கு ரயில். மட்காவ் நிலைய பார்சல் அலுவலகத்தில் உங்கள் டிக்கெட்டைக் காட்டி சைக்கிளை பதிவு செய்யலாம். ரயில் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்னாலேயே போங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, சாக்கு சுற்றி, பெயரும் போன் நம்பரும் எழுதிக் கட்டுங்கள். நாங்கள் ஏறிய ரயிலில் எங்கள் சைக்கிள்கள் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தன. நண்பனுடையதில் ஒரு ஸ்போக் மட்டும் வளைந்திருந்தது.