தட்டிப் பார்த்தால் தெரியும்

மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்து, "அண்ணே, உங்க பேட்ச்லேருந்து இன்னும் ஒரு கட்டுரைகூட வரல" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார். ஹாஸ்டல் கலாட்டாக்களை மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். எனக்குச் சோறு போட்ட விஷயத்தை நான் எழுதுகிறேன். வெப்பத்தைத் தடுக்க நாம் போடும் காப்பு எப்படி வந்தது, எப்படிக் கெடுகிறது என்பதுதான் அது.

நான் மெக்கானிக்கல். ஆனாலும் கதையைக் கூரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சென்னையின் பழைய கட்டடங்களில் 'மெட்ராஸ் டெரஸ்' பார்த்திருப்பீர்கள். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, குறுக்குச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு.

ஆர்.சி.சி. தளம் வந்த பிறகும் ஜல்லி போகவில்லை. 'வெதரிங் கோர்ஸ்' என்ற பெயரில் தொடர்ந்தது. பொதுப்பணித் துறைக் கணக்குப்படி 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. வைவாவில் இந்தக் கணக்கில் மாட்டி முழித்த சிவில் நண்பர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஜல்லியில் என்ன விசேஷம்? அதன் நுண்துளைகளில் இருக்கும் காற்றுதான். வெயில் கீழே இறங்காமல் தடுப்பது அதுவே. தட்டோட்டின் இடுக்கு விட்டுப்போனால் மழைநீர் இறங்கி, காற்றிருந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். காப்பு போயிற்று. அதோடு விடாது. ஈரம் தளத்துக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாக விழும். வெப்பக் காப்புக்குப் பெரிய எதிரி தண்ணீர்தான்.

தொழிற்சாலையிலும் இதே கதை. நீராவி யுகத்தில் குழாய்களுக்கு மக்னீசியா 85 சதவீதமும் மீதி ஆஸ்பெஸ்டாஸ் நாருமாகக் கலந்து போர்த்தினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலைக் கெடுப்பது தெரிந்த பிறகு கண்ணாடி நார், ராக் வுல், கால்சியம் சிலிகேட் இடம்பிடித்தன. மேலே பளபளவென்று அலுமினியத் தகடு. அந்தப் பளபளப்பை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

1987, ஐப்பசி மழை. நான் ஓர் ஆலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஹெல்பர் ஒருவர் வந்து, "சார், மழை விட்டு மூணு நாளாச்சு. வெந்நீர் லைன் வளைவுல மட்டும் தகட்டுக்குள்ளேருந்து ஆவி வருது. கீழே துரு கலர்ல கோடு இறங்குது" என்றார். நான் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தகடு நல்லாத்தானே இருக்கு? ஷட்டவுன்ல பார்த்துக்கலாம்" என்றேன். ஷட்டவுனுக்கு நான்கு மாதம் இருந்தது. ஆறே வாரத்தில் அந்த வளைவு வெடித்தது. கீழே நின்றவர் அவர்தான். இடது கையும் தோளும் வெந்துபோயின.

பிரித்துப் பார்த்தோம். நாரைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. குழாயின் உட்புறம் நன்றாக இருந்தது. வெளிப்புறம் அரித்து அட்டை போல் ஆகியிருந்தது. நல்ல சூடான நீராவிக் குழாயில் ஈரம் தங்காது. சுமார் 175 டிகிரிக்குக் கீழே ஓடும் குழாய்கள், அடிக்கடி நிறுத்தி ஓட்டும் லைன்கள் இவைதான் ஆபத்து. 'வெளி அரிப்பு' என்று ரிப்போர்ட் எழுதினேன். அவர் முன்கூட்டியே சொன்னதை மட்டும் எழுதவில்லை. அதை இன்றுதான் எழுதுகிறேன்.

2003 பிப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் மாண்டபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. எரிபொருள் தொட்டியின் காப்பு நுரை பெயர்ந்து இறக்கையில் மோதி, அங்கிருந்த வெப்பக் காப்பை உடைத்தது. முந்தைய பயணங்களிலும் நுரை உதிர்ந்திருக்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

இளைய நண்பர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

மாடித் தட்டோட்டைக் கம்பால் தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் நல்லது. 'டொப் டொப்' என்றால் அடியில் பிடிப்பில்லை. இடுக்கில் புல்லோ அரசங்கன்றோ முளைத்தால் ஈரம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். நனைந்த ஜல்லியின் மேல் வெள்ளைப் பூச்சு அடித்து மூடாதீர்கள். புது ஓட்டையும் பதிக்காதீர்கள், பாரம்தான் கூடும். கெட்ட பகுதியைப் பெயர்த்து, தளத்தை உலரவிட்டு, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்துப் புதிதாகப் போடுங்கள். குழாயில் வளைவு, வால்வு, தாங்கி இருக்கும் இடங்களில் தகட்டின் மூட்டுகளைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அன்றைக்கே ஒரு துண்டைக் கழற்றி, நாரைத் தொட்டுப் பாருங்கள். குழாய்க்குப் பெயின்ட் அடிக்காமல் போர்த்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று. யார் வந்து "சார், அங்கே என்னமோ தெரியுது" என்றாலும், அவர் பெயரோடு லாக் புக்கில் குறித்துவிட்டு, அவரையே அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அந்த மனிதர் என்னிடம், "பரவால்ல சார், நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றார். அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.