மக்ஸன் முதல் மேகசின் வரை



வார, மாத இதழ்களை ‘மேகசின்’ என்கிறோம். துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். ஏட்டிற்கும் தோட்டாவுக்கும் என்ன உறவு? விடை அரபு மொழியில் இருக்கிறது.

‘கஸன’ என்னும் அரபு வினைக்குச் சேமித்து வைத்தான் என்பது பொருள். சேமிக்கும் இடம் ‘மக்ஸன்’. அதன் பன்மை ‘மகாஸின்’. அரசுக் கருவூலத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ‘கஜானா’வும் இதே வேரில் பிறந்து, பாரசீகத்தின் வழியே வந்த சொல்லாகும்.

மத்தியதரைக் கடல் வணிகத்தினூடே இச்சொல் ஐரோப்பாவை அடைந்தது. ஸ்பானிய மொழியில் கிடங்கைக் குறிக்கும் ‘அல்மஸேன்’ என்ற சொல்லில் அரபியின் ‘அல்’ இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தாலியிலும் பிரெஞ்சிலும் வழங்கிய பின், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆங்கிலத்தில் புகுந்தது. முதலில் பண்டசாலையையும், பின்பு வெடிமருந்துக் கிடங்கையும் குறித்தது. 1857 மே 11 அன்று தில்லியில் ஆங்கிலேயர் தாமே வெடிவைத்துத் தகர்த்த ஆயுதக் கிடங்கின் பெயரும் ‘மேகசின்’தான். கிடங்கின் பெயரே பிற்காலத்தில் தோட்டாப் பெட்டிக்கும் ஆயிற்று.

1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். பல ஏடுகளில் சிதறிக் கிடந்த செய்திகளையும் கட்டுரைகளையும் ஓரிடத்தில் திரட்டித் தரும் களஞ்சியம் என்பதே அப்பெயரின் கருத்து. அதன் பின்னரே பருவ இதழ்களுக்கு இப்பெயர் நிலைத்தது.

களஞ்சியம் என்றதும் நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வரும். நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் ஒப்படைக்குமாறு எகிப்து மன்னரிடம் அவர்கள் கேட்டதைத் திருக்குர்ஆன் (12:55) எடுத்துரைக்கிறது. அங்கு இடம்பெறும் ‘கஸாயின்’ என்ற சொல்லும் இதே வேரைச் சார்ந்ததே. அப்பொறுப்பிற்குத் தகுதிகளாக அவர்கள் முன்வைத்தவை இரண்டு: பேணிக் காக்கும் பண்பு, அதற்குரிய அறிவு.

கண்ணியமிக்க பெற்றோர்களே! தானியம் இருப்பதும் கிடங்கில்தான். வெடிமருந்து இருப்பதும் கிடங்கில்தான். அன்று அச்சிதழாக வீட்டிற்குள் வந்த களஞ்சியம், இன்று கைப்பேசியாகப் பிள்ளைகளின் உள்ளங்கையில் இருக்கிறது. அதனுள் இருப்பது எது என்பதை அறியாமல் அதைக் காக்க இயலாது. அறிந்தும் காவாதிருந்தால் அவ்வறிவால் பயனில்லை. பிள்ளைகள் படிப்பதை நாமும் அவர்களுடன் அமர்ந்து படிப்போம். நல்லதை எடுத்துக் கொடுப்போம்.

நம் இல்லங்களின் களஞ்சியங்களைப் பேணிக் காக்கும் பண்பையும் அறிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.